விசாரணை அண்ணனிடம் யூ.பி.எஸ். வாங்கிய கதை

இந்தத் தீவில், பொருளை விற்காமல் இருப்பதற்காகவே மாதச் சம்பளம் வாங்கிய விற்பனையாளர் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவரும் எங்கள் பதுளையில்தான் இருந்தார். பெருமைப்பட்டுக்கொள்ள எங்கள் ஊருக்கு வேறு பல விஷயங்கள் உண்டு என்றாலும், இதை மட்டும் நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

தாய் தகப்பன் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். தெருவுக்கு அவர் ‘விசாரணை’. மரியாதை தெரிந்தவர்கள் பின்னால் ஓர் ‘அண்ணன்’ சேர்த்துக்கொள்வார்கள். பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் குறுக்குத் தெருவில், கம்பியூட்டர் சாமான் விற்கும் கடையொன்றில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பார். நீங்கள் ஒரு மவுஸ் வாங்கப் போனால், வலது கையா இடது கையா, மேசை மரமா கண்ணாடியா, வீட்டில் பூனை உண்டா, இருந்தால் வயரைக் கடிக்குமா என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்புவார். திரும்புவார் என்றுதான் சொன்னேன். எடுத்துக் கொடுப்பார் என்று சொல்லவில்லை.

வயது ஐம்பத்தைந்துக்கு மேல். பதுளை வெயிலிலும் கழற்றாத சாம்பல் நிற ஸ்வெட்டர். அதற்குள்ளே சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டெஸ்டர். நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் மின்சார வேலை பார்த்துவிட்டு, அது மூடப்பட்டதும் டவுனுக்கு வந்தவர். இயந்திரங்களோடு இவ்வளவு காலம் வாழ்ந்ததாலோ என்னவோ, இயந்திரங்களை ‘அவரு’ என்பார், மனிதர்களிடம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பேசுவார்.

நான் அவர் கையில் சிக்கியது ஒரு காணி உறுதியால், அதாவது நிலப் பத்திரத்தால். நான் வீட்டிலிருந்தே சட்டப் பத்திரங்களை மொழிபெயர்ப்பவன். நான்கு தலைமுறை, பதினொரு பங்காளிகள், வடக்கே ஓடை, தெற்கே கித்துள் மரம் என்று நீண்டுகொண்டே போன ஓர் உறுதியைச் சிங்களத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். பத்தொன்பதாவது பக்கத்தில், தெற்கே இருந்த கித்துள் மரத்தடியில் நான் நிற்கும்போது கரண்ட் போனது. பதுளையில் கரண்ட் போவதற்குக் காரணம் தேவையில்லை. மழை பெய்தால் போகும். மழை விட்டால், அப்பாடா என்று போகும். கம்பியில் குரங்கு உட்கார்ந்தால் போகும். குரங்கு இறங்கிய பிறகு ஏன் போகிறது என்று கேட்டால் மின்சார சபையில் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள்.

போன கரண்ட் நான்கே நிமிடத்தில் திரும்பி வந்தது. போன பக்கங்கள் வரவில்லை. கம்பியூட்டரைத் திறந்து பார்த்தால் இரண்டாம் பக்கத்தோடு கதை நின்றிருந்தது. பதினொரு பங்காளிகளில் ஒன்பது பேரைக் காணோம்.

“அந்தப் பெட்டரிப் பெட்டி ஒன்னு வாங்கி வைங்கன்னு எத்தனை தரம் சொன்னேன்?” என்றாள் மனைவி. அவள் பள்ளிக்கூட ஆசிரியை. எதையும் எத்தனை தரம் சொன்னாள் என்று கணக்கு வைத்திருப்பாள்.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். ஐந்து நிமிட வேலை என்று நினைத்து, காரை அரைகுறையாக ஓரங்கட்டிவிட்டுப் போனேன். அவ்வளவு அப்பாவி.

“அண்ணே, ஒரு யூ.பி.எஸ். வேணும்.”

“யாருக்கு?”

“கம்பியூட்டருக்குத்தான்.”

“எதுக்கு?”

“கரண்ட் போனா அணையாம இருக்கிறதுக்கு.”

“எவ்வளவு நேரம் அணையாம இருக்கணும்?”

“கரண்ட் வர்ற வரைக்கும்.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, என்னை முதல் தடவையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

“சேர், அப்ப நீங்க கேக்கிறது யூ.பி.எஸ். இல்ல. பவர் ஸ்டேஷன். அது நம்ம கடையில ஸ்டொக் இல்லை.”

காசு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முதலாளி ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். பழகிய பெருமூச்சு என்பது அதன் நீளத்திலேயே தெரிந்தது.

“யூ.பி.எஸ்.ஸுங்கிறவரு வேலை செய்றதுக்கு இல்ல சேர்,” என்று விசாரணை தொடர்ந்தார். “செஞ்ச வேலையச் சேவ் பண்ணி, கம்பியூட்டர ஒழுங்கா மூடிட்டு, எந்திரிச்சுப் போறதுக்கு. பத்து நிமிஷம் நிப்பாரு. அதுக்கு மேல அவர நிக்கச் சொல்றது பாவம்.”

அலமாரியில் இருந்த ஒரு பெட்டியைக் காட்டினேன். அதில் பெரிய எழுத்தில் அறுநூற்றைம்பது என்று இருந்தது. என் கம்பியூட்டர் என்ன குடித்தாலும் அவ்வளவு குடிக்காது, அது போதும் என்றேன்.

“அது வீ.ஏ. சேர்.”

“வாட் இல்லையா?”

“வீ.ஏ.ங்கிறது பொண்ணு பாக்க வர்றப்ப மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொல்ற சம்பளம். வாட்டுங்கிறது கல்யாணத்துக்கு அப்புறம் தெரிய வர்ற சம்பளம். இவரு வாட்டுல வெறும் முன்னூத்தி அறுபது. நிறையப் பேரு வெளியில போட்டிருக்கிறதப் பாத்து ஏமாந்துர்றாங்க.”

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். தன் கடைப் பொருளைப் பற்றி இவ்வளவு உண்மையைத் தன் காசிலேயே கேட்க வேண்டியிருக்கிறதே என்ற கவலை அது.

விசாரணை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்து, நடுத்தாளைக் கிழித்து, கேள்விகளை எழுதி என்னிடம் நீட்டினார். கம்பியூட்டர் மேசையில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒட்டியிருக்கும் லேபலைப் பார்த்து, எண்களை எழுதிக்கொண்டு வர வேண்டும். “ஞாபகத்துல எழுதாதீங்க சேர். குனிஞ்சு பாத்து எழுதுங்க” என்றார். பணத்தோடு கடைக்குப் போன நான் வீட்டுப்பாடத்தோடு திரும்பினேன்.

மேசைக்கடியில் தவழ்ந்து, ஒட்டடை தலையில் ஒட்ட, எழுதிக்கொண்டு இரண்டாம் முறை போனேன். சிவப்புப் பேனாவால் திருத்தினார். ரவுட்டரை விட்டுவிட்டேன் என்று ஒரு வட்டம். லேசர் பிரிண்டரைச் சேர்த்துவிட்டேன் என்று இரண்டு வட்டம். கடைசியில், “அந்த வயர் போர்டுல வேற என்ன சொருவியிருக்கு?” என்றார்.

“ஒன்னுமில்ல அண்ணே.”

டெஸ்டரால் காதைக் குடைந்துகொண்டு யோசித்தார். நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கையில் டெஸ்டரும் மீட்டருமாக நின்றவரைப் பார்த்து, மின்சார சபை ஆள் லைனை வெட்ட வந்துவிட்டார் என்று மனைவி பயந்துபோய், பில் கட்டிய ரசீதுகளைத் தேடத் தொடங்கிவிட்டாள். விசாரணை அவளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, நேரே என் மேசைக்கடியில் புகுந்தார்.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“சேர்... இங்க ஒரு கரண்ட் கேத்தல் இருக்காரு.”

“அது எப்பவாவதுதான் அண்ணே.”

“அயன் பொக்ஸ் இருக்காரு.”

“அது அவளோடது.”

“சாமிப் படத்துக்குப் போட்ட சீரியல் பல்பு இருக்காரு. இந்த போர்டு ஒன்னுதான். அவரு பாவம், லயத்துல பத்துக் குடும்பத்துக்கு இருக்கிற ஒத்தைப் பைப்பு மாதிரி நிக்கிறாரு.”

வெளியே வந்தவர் கையில் என் கம்பியூட்டரின் பிளக் இருந்தது. மூன்று கால் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கால்தான் இருந்தது. எர்த் கால் எப்போதோ உடைந்துவிட்டதால், போர்டில் அதற்குரிய ஓட்டையில் பேனா மூடியைச் சொருகி நான் சமாளித்து வந்தேன். அதுவரை அதை என் புத்திசாலித்தனத்துக்கு ஓர் உதாரணமாகத்தான் நினைத்திருந்தேன். விசாரணை அந்தப் பேனா மூடியை என் மனைவியிடம் ஒப்படைத்தார். தடயப் பொருளை நீதிமன்றத்தில் ஒப்படைப்பது போல இரண்டு விரலால் பிடித்து.

பிறகு ஒரு நாற்காலியைப் போட்டு மீட்டரோடு உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு வெல்டிங் பட்டறை உண்டு. அங்கே நெருப்புப் பொறி பறக்கும் போதெல்லாம் எங்கள் வீட்டு வோல்டேஜ் குப்புற விழுந்து எழுந்தது. ஒரு மணி நேரம் பார்த்தார்.

“இங்க சாதாரணமானவரு தாங்க மாட்டாரு. ஒவ்வொரு வெல்டுக்கும் பெட்டரிக்குப் போவாரு. உண்மையா கரண்ட் போற நேரத்துல கையில ஒன்னும் இருக்காது. வோல்டேஜ உள்ளுக்கே சரி பண்றவரு வேணும்.”

“சரி அண்ணே, அப்ப அவரையே குடுங்க.”

“முதல்ல இந்தப் பிளக்க மாத்துங்க. பிரிண்டர வேற சுவத்துக்குக் கொண்டு போங்க. அவரு சூடாகிறதுக்கு ஒரே இழுவையா இழுப்பாரு. யூ.பி.எஸ். பக்கமே அவர விடக் கூடாது. அப்புறம் வாங்க, பாப்பம்.”

பாப்பம்! பெண் கேட்டுப் போனவனுக்குக்கூட இதைவிடச் சீக்கிரம் பதில் கிடைத்திருக்கும்.

இதெல்லாம் எனக்கு மட்டும் நடந்த கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள். மாவட்டச் செயலகமான கச்சேரியில் பெரிய பதவியில் இருந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், கடையிலேயே பெரிய யூ.பி.எஸ். வேண்டுமென்று வந்தார். என் கண் முன்னால் நடந்தது. நான்கு கேள்வி வரை பொறுத்தார். ஐந்தாவதில் வெடித்தார்.

“தம்பி, நான் சாமான் வாங்க வந்தனான். பொலிசிலை வாக்குமூலம் குடுக்க வரேல்லை.”

“கோவிச்சுக்காதீங்க சேர். ஃப்ரிட்ஜ இதுல சொருவ மாட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுக் கொண்டு போங்க.”

“நான் எழுதித் தாறதோ? உமக்குத் தெரியுமோ, நான் ஒரு கையெழுத்து வைச்சால் இந்த மாவட்டத்திலை றோட்டே போடலாம்!”

“ரோடு போடலாம் சேர். ஃப்ரிட்ஜ் போட முடியாது.”

ஐயா வெளிநடப்புச் செய்தார். நேரே பண்டாரவளைக்குப் போய், கேள்வி கேட்காத ஒரு கடையில் வாங்கினார். கேள்வி கேட்காத பெட்டியில் ஃப்ரிட்ஜையும் சொருகினார். மூன்றாவது வாரம் கருகிய வாசனையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்தார். விசாரணை பெட்டியை வாங்கித் திறந்து பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஐயாவுக்கு அதுதான் தாங்கவில்லை. “ஏதாவது கேளுமன் ஐசே!” என்று கத்திவிட்டுப் போனார்.

இன்னொரு நாள் விசாரணை, டியூஷன் வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியருக்கு, கரண்ட் போனால் யூ.பி.எஸ். எப்படித் தாங்கிப் பிடிக்கும் என்று செய்து காட்ட ஆசைப்பட்டார். பிளக்கைக் கழற்றிக் காட்டினால் போதும்தான். ஆனால் அதில் உண்மை இல்லையாம். கடையின் மெயின் சுவிட்சையே இழுத்துவிட்டார். கடை இருண்டது. விற்பனைக்கு வைத்திருந்த யூ.பி.எஸ். அழகாகத் தாங்கியது. முதலாளியின் மேசையில் இருந்த கடையின் சொந்த யூ.பி.எஸ். ஒரு தடவை ‘கீ’ என்றது, அவ்வளவுதான். முதலாளி இரண்டே விரலால் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்த கடிதம் அதோடு போனது.

“டேய்!” என்றது இருட்டு.

“நான் ஏழு மாசமா சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன் முதலாளி, நம்ம பெட்டரி செத்துப் போச்சுன்னு.”

அன்று அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மறுநாள் எட்டரைக்கு வந்து அவரே கடையைத் திறந்தார். மாதத்துக்கு ஒரு தடவை இப்படி நீக்கப்படுவது அங்கே வழக்கம். ஏன் உண்மையாகவே அனுப்பிவிடக் கூடாது என்று நானே முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். “அவன் வித்த சாமான் ஒன்னுகூட இன்னைக்கு வரைக்கும் திரும்பி வந்ததில்லைங்க” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “வித்தாத்தானே வரும்” என்றார்.

மூன்றாம் முறை போனபோது எனக்கு வெற்றி. புதிய பிளக்கின் படத்தை என் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, விசாரணை ஒரு பெட்டியை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். முதலாளியே எழுந்து வந்து பில் புத்தகத்தைத் திறந்தார். என் பெயரின் பாதியை எழுதியிருப்பார். அப்போதுதான் அந்தப் பெண் உள்ளே வந்தாள்.

முப்பது வயது இருக்கும். தோட்டத்திலிருந்து வருகிறாள் என்பது தெரிந்தது. பஸ் தூசியோடு, கையில் ஒரு துணிப்பை. நேரே அலமாரியில் இருப்பதிலேயே சின்னப் பெட்டியைக் காட்டினாள்.

“அண்ணே, இந்தக் கம்பியூட்டருக்கு வைக்கிற பெட்டரிப் பெட்டி ஒன்னு குடுங்க.”

“குடு, குடு” என்று முதலாளி முந்திக்கொண்டார். விசாரணை அசையவில்லை.

“என்ன கம்பியூட்டர் தங்கச்சி?”

“பெரிய கம்பியூட்டருங்க.”

“ஸ்கிரீன் எத்தனை அங்குலம்?”

“ஸ்கிரீன் இல்லைங்க.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்து இன்றும் எனக்கு வெட்கம். விசாரணை மட்டும் சிரிக்கவில்லை.

“எப்பிடிச் சத்தம் போடுவாரு?”

அவள் துணிப்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “புஸ்ஸு புஸ்ஸுன்னு... மூச்சு விடுற மாதிரிங்க.”

“கீழ சக்கரம் இருக்கா?”

“இருக்குங்க.”

“தண்ணி ஊத்துற சின்னப் போத்தல்?”

“ஆமாங்க.”

விசாரணை கண்ணாடியைக் கழற்றினார். “யாருக்கும்மா?”

“அப்பாவுக்குங்க.”

காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் இயந்திரம் அது. அப்பாவுக்கு நுரையீரல் போய்விட்டது. ஆஸ்பத்திரி கிளினிக்கில் சொல்லி, யாரோ புண்ணியவான்கள் இயந்திரத்தை வீட்டுக்கு இரவலாகக் கொடுத்திருக்கிறார்கள். கரண்ட் இருக்கும் வரைக்கும் குறை இல்லை. தோட்டத்தில் அது அடிக்கடி போகும். அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. போன வாரம் மரம் விழுந்து லைன் அறுந்த அன்று அதுவும் தீர்ந்துவிட்டது. கடைசி அரை மணி நேரம் பக்கத்து லயத்து வீடுகளின் ஆட்கள் மாறி மாறி விசிறியிருக்கிறார்கள்.

“அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தங்கச்சி?”

“கம்பியூட்டருக்குன்னு சொன்னாத்தான் குடுப்பாருன்னு பஸ்ஸுல சொன்னாங்க. வேற எதுக்குன்னு சொன்னாலும் கேள்வி கேட்டே தொரத்திருவாருன்னாங்க.”

விசாரணை தலையைக் குனிந்து கவுண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெரிசா ஒன்னைக் குடுத்து அனுப்பேன்பா, பாவம்” என்றார் முதலாளி. அவர் கெட்டவர் இல்லை. வியாபாரி, அவ்வளவுதான்.

“இருக்கிறதுலயே பெரியவரு அந்த மிஷின ஏழு நிமிஷம் தாங்குவாரு முதலாளி. எட்டாவது நிமிஷம் யாரு தாங்குறது?”

சொல்லிவிட்டு ஏணியைப் போட்டு ஏறினார். மேல் தட்டில் ஓர் இன்வெர்ட்டர் இருந்தது. அதற்குரிய பெட்டரி, தூக்க இரண்டு ஆள் வேண்டிய பெரிய பெட்டரி, கீழே மூலையில் இருந்தது. இரண்டையும் எல்ல என்னும் சுற்றுலா ஊரில் உள்ள ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு என்று முதலாளி பேசி வைத்திருந்தார்.

“டேய், அது கெஸ்ட் ஹவுஸுக்கு! நாளைக்குக் கொண்டு போக வர்றாங்க!”

“அங்க மெழுகுவத்தி வெளிச்சத்துல சாப்பிடட்டும் முதலாளி. வெள்ளைக்காரங்க அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வர்றாங்க.” ஏணியிலிருந்து இறங்கி என்னைப் பார்த்தார். “சேர், உங்க கார் எங்க நிக்குது?”

என் யூ.பி.எஸ். பாதிப் பெயரோடு கவுண்டரிலேயே கிடந்தது. “போனா அப்பிடியே போயிரு! திரும்பி வராத!” என்று முதலாளி கத்துவது தெருமுனை வரைக்கும் கேட்டது. இது மாதாந்த நீக்கம் மாதிரி இல்லை என்பது எனக்கே புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்கும். பின் சீட்டில் பெட்டரி ஆடாமல் இருக்கிறதா என்றுதான் திரும்பிப் பார்த்தார்.

அவளுடைய தோட்டம் இருந்த நமுனுகுல பக்கம் ஏறும் வரைக்கும் விசாரணை நடந்தது. இயந்திரத்தை எத்தனையில் வைக்கச் சொன்னார்கள், ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து எத்தனை கம்பம் தாண்டி வீடு, ஒரே லைனில் எத்தனை வீடு. நடுவில் கிளினிக் நேர்ஸுக்குப் போன் போட்டு, இன்வெர்ட்டரில் அந்த இயந்திரத்தைப் போடலாமா என்று கேட்டார். “சுத்தமான கரண்ட்தான் குடிப்பாராம். மலிவானதக் குடிச்சா அவருக்கு வயித்துக் கோளாறு வந்துருமாம். நம்மாளு சுத்தமானவருதான்” என்று எங்களுக்கு மொழிபெயர்த்தார். நேர்ஸ் அப்படித்தான் சொன்னாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

ரோட்டிலிருந்து லயத்துக்கு அறுபது படி. தோட்டத்து வேலை முடிந்து பெரட்டுக்களத்திலிருந்து வந்திருந்த இரண்டு பேர் பெட்டரியைக் கம்பில் கட்டித் தூக்கினார்கள். வீட்டுக்குள் ஜன்னலோரம் பெரியவர் உட்கார்ந்திருந்தார். தலையில் கம்பளிக் குல்லா, மூக்கில் குழாய். பக்கத்தில் இயந்திரம் ‘புஸ்ஸு புஸ்ஸு’ என்றது.

“யாரு... கரண்ட் ஒஃபிஸா?” என்றார் பெரியவர்.

“அவங்களுக்கு எதிரிங்க” என்றார் விசாரணை.

எர்த் இல்லை என்று கண்டுபிடித்து வெளியே குழி வெட்டி இரும்புக் கம்பி இறக்கினார். வயர் இழுத்தார். திட்டினார். இரண்டு மணி நேரம். எல்லாம் முடிந்து மெயின் சுவிட்சில் கைவைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கடையில் அவ்வளவு உற்சாகமாகச் சுவிட்சை இழுக்கும் மனிதர். வாசலில் லயமே கூடி நின்றது.

“ஐயா, சோதிச்சுப் பாக்கணும். நான் கரண்ட நிப்பாட்டப் போறேன். மிஷின் நின்னா அந்த நொடியே போட்டுருவேன். பயப்படாதீங்க.”

பெரியவர் இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டார்.

“நீ நிப்பாட்டுப்பா... அவனுங்க... சொல்லாமலே நிப்பாட்டுறானுங்க.”

சுவிட்ச் இறங்கியது. மேலே எரிந்துகொண்டிருந்த பல்பு அணைந்தது. இயந்திரம் ‘புஸ்ஸு’ என்றது. பிறகும் ‘புஸ்ஸு’ என்றது. அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் வெளியே போய் மலையைப் பார்ப்பது போல நின்றேன்.

விசாரணை கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்துக்கொண்டு, கரண்ட் இல்லாமல் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று இரண்டு மணி நேரம் அசையாமல் பார்த்தார். அதற்குள் வாசலில் நின்றவர்களில் நான்கு பேர் போனையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு வரிசையில் வந்துவிட்டார்கள். அவர் ஒரு சுண்ணாம்புக் கட்டியைக் கேட்டு வாங்கிச் சுவரில் எழுதினார்: ‘இதில் போன் சார்ஜ் பண்ணக் கூடாது. டீவி கூடாது. ரைஸ் குக்கர் கூடவே கூடாது.’ வெற்றுச் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டார். அதை நிரப்பி அனுப்பும் வரைக்கும் வீட்டுக்குப் போகப்போவதில்லை என்றார். என் கார் என்பது அவர் மறந்துவிட்ட ஒரு சின்ன விவரம்.

மறுநாள் கடைக்குப் போனேன். விசாரணை இல்லை. முதலாளி என் பெட்டியை எடுத்து, மீதிப் பெயரையும் எழுதி, ஒரு கேள்விகூடக் கேட்காமல் நீட்டினார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்வெர்ட்டர் காசு விஷயத்தைத் தோட்டத்துக் கோயில் கமிட்டியும் முதலாளியும் பேசி ஒருவாறு முடித்துக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. விசாரணையை மட்டும் முதலாளி மன்னிக்கவில்லை. கவுண்டரில் புதிதாக ஒருவர் வந்தார். எப்போதும் சிரித்த முகம். கேட்டதை உடனே எடுத்துக் கொடுத்தார். கேட்காததையும் கொடுத்தார். வியாபாரம் ஓஹோ என்று போனது.

மூன்று மாதத்தில் வாங்கிப் போனவை ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கின. புகைந்தது, வீங்கியது, பிரிண்டரோடு சேர்ந்து செத்தது. ஒரு பக்கத்து அலமாரி முழுக்கப் பிணவறை மாதிரி ஆனபோது, முதலாளி தாமே விசாரணையின் வீடு தேடிப் போனார். நடந்ததை அவரே என்னிடம் சொன்னார்.

“திரும்பி வாடான்னேன். எதுக்குன்னு கேக்கிறான். கடைக்கு ஆள் வேணும்னேன். எத்தனை வருஷத்துக்குன்னு கேக்கிறான். உன் முட்டி தாங்குற வரைக்கும்னேன். யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பிட்டான்!”

நான்காம் நாள் விசாரணை கடைக்குப் போனார். அதற்குப் பிறகும் நான்கு வருடம் விற்காமல் இருந்தார். அந்தப் பெரியவர் இன்னும் ஒன்றரை வருடம் வாழ்ந்தார். மகள் பக்கத்தில் இருக்க, கரண்ட் இருந்த ஒரு பகலில், தன் நேரம் வந்து போனார். அதுவரைக்கும் மாதத்தில் ஒரு ஞாயிறு விசாரணை பஸ் ஏறிப் போய் அந்தப் பெட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தெரியும்.

போன வருடம் முட்டி உண்மையாகவே மக்கர் பண்ணியதால் வேலையை விட்டுவிட்டார். இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருக்கிறார். பேசுவதற்குப் பெரிதாக ஆளில்லை. கேள்விகள் மட்டும் தேங்கிக் கிடக்கின்றன.

போன மாதம் பலத்த காற்றடித்த ஒரு பின்னேரம் கரண்ட் போனது. யூ.பி.எஸ். கூவியது. நான் பத்திரத்தைச் சேவ் பண்ணி, கம்பியூட்டரை மூடி, எழுந்துவிட்டேன். எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள். போன் அடித்தது.

“சேர், உங்க பக்கமும் போயிருச்சா?”

“போயிருச்சு அண்ணே.”

“சேவ் பண்ணிட்டீங்களா?”

“எங்க அண்ணே... இவரு ஏதோ புதுசா ஒரு சத்தம் போடுறாரு. எனக்கு ஒன்னும் வெளங்கல. நீங்க ஒருக்கா வந்து பாத்தா நல்லது.”

“தொடாதீங்க. வர்றேன்” என்று போனை வைத்தார்.

மனைவி என்னைப் பார்த்தாள். அணைந்து கிடந்த கம்பியூட்டரைப் பார்த்தாள். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, பிளேன்டீக்கு மூன்று பேருக்குத் தண்ணீர் வைத்தாள்.